கூடுகளுக்கு அப்பால்: ஸ்பெயினின் காப்பிட வலையமைப்பும் பேரரசக் கழுகும்

1953 இல் ஸ்பெயின் அரசு தீங்கு விளைவிக்கும் விலங்குகளை ஒழிக்க மாகாணக் குழுக்களை அமைத்தது. ஓநாயோடும் நரியோடும் கழுகும் அந்தப் பட்டியலில் இருந்தது. கொன்றதற்குச் சான்று காட்டியவருக்குப் பணம் கிடைத்தது. அதே பத்தாண்டில் மிக்சோமா நோய் முயல்களை வாரிக்கொண்டு போயிற்று. இன்று ஐபீரியத் தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் கூடு கட்டாத ஸ்பானியப் பேரரசக் கழுகுக்கு முயல்தான் முதன்மை இரை. 1970-களில் எஞ்சியவை சுமார் 40 இணைகள். இப்பறவை பிழைத்ததைக் காப்பிடங்களின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குவாடல்கிவிர் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள டொன்யானா, பிரபுக்களின் பழைய வேட்டைக்காடு. உயிரியலாளர் ஹோசே அன்டோனியோ வால்வெர்தே உள்ளிட்டோரின் முயற்சியால் 1969 இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. கூடுகளுக்குக் காவல் கிடைத்தது. ஆனால், பறக்கக் கற்ற இளம் பறவைகள் பூங்காவில் தங்குவதில்லை. இணை சேரும் வயது வரும்வரை முயல் மிகுந்த வெளிநிலங்களில் அலைகின்றன. அங்கே மின்கம்பம் அவற்றுக்கு எமனாயிற்று. மரமற்ற வெளியில் கம்பத்தின் இரும்புக் குறுக்குச்சட்டமே உயரமான இருக்கை. கால் இரும்பில் இருக்க, சுமார் இரண்டு மீட்டர் விரியும் இறக்கையின் ஒரு நுனி மின்கம்பியில் பட்டால் போதும். உடல் பெருத்த பெண் பறவைகளே இப்படி அதிகம் மடிந்தன என்பதை மிகேல் ஃபெரரும் ஃபெர்னாந்தோ இரால்தோவும் 1992 இல் காட்டினர். பெண்கள் குறைந்தால் கூடுகளும் குறையும். பூங்காவுக்குள் எத்தனை காவலர் இருந்தும் பயனில்லை.

ஐரோப்பியச் சமூகத்தின் பறவைகள் நெறியாணை 1979 இல் வந்தது; 1986 இல் உறுப்பு நாடான ஸ்பெயினையும் அது கட்டுப்படுத்தியது. 1992 இன் வாழிட நெறியாணையோடு இது ‘நேச்சுரா 2000’ என்னும் காப்பிட வலையமைப்பாக விரிந்தது. இன்று ஸ்பெயின் நிலப்பரப்பில் கால் பங்குக்கு மேல் அதற்குள் வருகிறது. ஓக் மரத்தடியில் பன்றியும் மாடும் மேயும் ‘தெஹேசா’ என்னும் தனியார் மேய்ச்சல் நிலங்களும் இதில் அடக்கம்.

அன்று பறவை எங்கே இருந்ததோ அங்கே எல்லை வகுத்தார்கள். புவி வெப்பமடைவதை யாரும் கணக்கில் கொள்ளவில்லை. ஐரோப்பியப் பறவைகளுக்கு ஏற்ற தட்பவெப்பப் பரப்பு இந்நூற்றாண்டின் இறுதிக்குள் சராசரியாக 550 கி.மீ. அளவுக்கு வடகிழக்கே நகரும் என்று 2007 இல் பிரையன் ஹன்ட்லி குழு கணித்தது. நேச்சுரா பகுதிகளில் உள்ள, ஐரோப்பா அக்கறை கொண்ட இனங்களில் 63 விழுக்காடு 2080-க்குள் அங்கே தமக்கேற்ற தட்பவெப்பத்தை இழக்கலாம் என்றது 2011 இல் வந்த மிகேல் அராவுஜோ குழுவின் ஆய்வு. மறுபுறம், பரவிவரும் இனங்கள் புதிய இடங்களில் குடியேறும்போது காப்பிடங்களையே மிகுதியாக நாடுவதை 2012 இல் கிறிஸ் தாமஸ் குழு பிரிட்டனில் கண்டது.

இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. பூங்கா இருந்த இடத்திலேயே கிடக்கும். வலையமைப்பு, நகரும் பறவைக்கு இறங்க இடம் தரும். பேரரசக் கழுகு பெருகியது டொன்யானாவில் அல்ல, காஸ்டில்லா-லா மான்ச்சா, எக்ஸ்ட்ரமதுரா போன்ற உள்நாட்டு வட்டாரங்களில். 2003 இல் போர்ச்சுகலிலும் மீண்டும் கூடு கட்டியது. இன்று இரு நாடுகளிலும் சேர்த்து 800 இணைகளுக்கு மேல். என் கணிப்பில், இதில் வலையமைப்பின் பெரும்பங்கு நிலத்தைக் காத்ததில் இல்லை. மின்கம்பங்களில் பறவை காக்கும் ஏற்பாடுகளை வலியுறுத்தும் 2008 அரசாணை, எங்கே செல்லுபடியாகும் என்பதற்கு நேச்சுராவின் பறவைக் காப்புப் பகுதிகளையே முதலில் எடுத்துக்கொண்டது. ஆக, பறவையியலாளர் போட்ட எல்லை மின்பொறியாளருக்கு வரைபடமாயிற்று.

இந்த வலையமைப்பின் வரம்பைக் காட்டுவது கருந்தோள் பருந்து. நம்மூர் மின்கம்பிகளில் உட்கார்ந்து வயலை நோட்டமிடும் அதே பறவைதான். ஸ்பெயினில் பரவி, 1990 இல் பிரான்சில் கூடு கட்டியது. அதற்கு வேண்டியது காப்பிடம் அல்ல, எலி மிகுந்த தானிய வயல். இப்பரவலில் வேளாண் மாற்றத்தின் பங்கையும் வெப்பத்தின் பங்கையும் பிரித்தறிவது கடினம்.

டொன்யானாவின் நிலத்தடி நீரைக் காக்கத் தவறியதற்காக 2021 இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு கோடையில் அங்குள்ள சாந்தா ஒலாயா ஏரி வற்றியது. வறட்சி ஒரு பக்கம், பாசன ஆழ்துளைக் கிணறுகள் மறுபக்கம். பூங்காவின் கதி அதன் எல்லைக்கு வெளியேயும் முடிவாகிறது. ஆகவே வலையமைப்பைத் திருத்தும்போது கூடுகளின் கணக்கை மட்டும் வைத்து எல்லை வகுக்கக் கூடாது. இளம் கழுகுகள் அலையும் வெளிநிலங்களும் அவற்றில் நிற்கும் மின்கம்பங்களும் அதற்குள் வர வேண்டும்.