குருதி கலந்த சோறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் இராசபாளையத்துக் கறிக்கடை முன் சற்று நின்று பாருங்கள், தோழர்களே! தூக்குச்சட்டியுடன் வருவோரில் சிலர் கறி கேட்பதில்லை. ஆட்டு இரத்தம் கேட்பர். சிறிது உப்பிட்ட இரத்தம் சட்டியிலேயே உறைந்து கட்டியாகிவிடும். வீட்டில் அதை வேகவைத்து, உதிர்த்து, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்து வதக்கி, தேங்காய்த் துருவல் தூவி இறக்கினால் இரத்தப் பொரியல். கறி வாங்கக் காசில்லாதவன் அடுப்பிலும் கறிமணம் கமழச் செய்யும் பண்டம் அது.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அப்பால் திருவில்லிபுத்தூர். அவ்வூர்ப் பண்டம் பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமை அதற்கு; ஊர்ப்பெயர் சொல்லி விற்கலாம், உறவினர்க்குக் கட்டிக்கொடுக்கலாம். பாலும் மாட்டின் உடலில் ஊறுவதுதான். குருதி கொண்டுவந்து சேர்க்கும் சத்தே மடியில் பாலாகிறது. எனினும் பால் புனிதம், இரத்தம் இழிவு!

நாம் பாடம் நடத்தும் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை, நேற்று வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டோம். ஒரு சிறுவன் "சாம்பார்" என்றான். பக்கத்திலிருந்தவன் களுக்கென்று சிரித்தான்; இவன் தலை கவிழ்ந்தான். உண்டது இரத்தப் பொரியல் என்று பிறகு தனியே வந்து சொன்னான், திருடியதை ஒப்புக்கொள்பவன் போல. பத்து வயதுப் பிள்ளைக்குத் தாய் சமைத்த சோற்றைப் பற்றிப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது யார்? நம் பாடப்புத்தகத்தில் அந்தப் பாடம் இல்லை. எனவே பழைய ஏடுகளைப் புரட்டினோம்.

புரட்டியதும் கிடைத்தது திருமுருகாற்றுப்படை! நக்கீரர் பெயரால் வழங்கும் அந்நூலில், மலைநாட்டு மக்கள் முருகனுக்கு எடுக்கும் விழா வருகிறது. கொழுத்த கிடாயின் குருதியில் பிசைந்த வெள்ளரிசியைப் பலியாக வைக்கின்றனர். பத்துப்பாட்டின் முதற்பாட்டு மட்டுமன்று அது. சைவரின் பதினோராந் திருமுறையிலும் இடம்பெற்றது. நீறு பூசி, புலால் மறுத்து, அதைப் பாராயணம் செய்யும் பெரியவர்கள் அந்த அடிகளையும் சேர்த்தே ஓதுகின்றனர். ஓதினால் புண்ணியம், உண்டால் பாவமா? வடமொழியிலும் குறைவில்லை. காளிகா புராணத்தில், எந்த விலங்கின் குருதி தேவியை எவ்வளவு காலம் மகிழ்விக்கும் என்று கணக்குச் சொல்லும் உதிர அத்தியாயமே இருக்கிறது. கணக்கில் கெட்டிக்காரர்கள்!

ஆண்டவனுக்கு ஆட்டு இரத்தம் வேண்டும் என்று நாம் வாதாட வரவில்லை. படையல் ஒன்று, பசி வேறொன்று. 1950-இல் சென்னை மாகாணத்தில் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டம் வந்தது. அன்று முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் இதே இராசபாளையத்துக் காந்தியர் பி. எஸ். குமாரசாமி ராஜா. கோயிலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பலியிடுவதைத்தான் சட்டம் தடுத்தது. கறிக்கடையை அன்று, அடுக்களையையும் அன்று. நெடுங்காலம் உறங்கிய அச்சட்டத்தை 2003-இல் அரசு கடுமையாக நடைமுறைப்படுத்த முனைந்தது. சிறுதெய்வக் கோயில்களில் கிடாவெட்டு நின்றது, எதிர்ப்பு எழுந்தது. 2004-இல் சட்டமே நீக்கப்பட்டது. கத்தியைச் சட்டம் தடுக்கலாம், நீக்கலாம். உண்பவன் முகத்தில் ஏறிய நாணத்தைக் கொணர்ந்தது எந்தச் சட்டமும் அன்று; அதை நீக்கும் சட்டமும் வரவில்லை.

கடல் கடந்தும் இதே கதைதான். யூதரின் வேதம் குருதியை விலக்கியது. உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்பது அதன் காரணம். திருக்குரான் ஓடும் இரத்தத்தை விலக்கியது. கிறித்துவின் அப்போஸ்தலர்களும் எருசலேமில் கூடி, இரத்தத்துக்கு விலகியிருங்கள் என்றே புதிய அடியார்க்கு எழுதினர். கேட்டார்களா? பைசாந்தியப் பேரரசன் ஆறாம் லியோ, இரத்த உணவு செய்வோர்க்குச் சவுக்கடியும் சொத்துப் பறிமுதலும் நாடுகடத்தலும் விதித்தான். பயன் என்ன? சட்டம் ஏட்டில் கிடந்தது, சட்டி அடுப்பில் கொதித்தது. இங்கிலாந்திலே பன்றி இரத்தமும் தானியமும் சேர்த்துக் குடலில் அடைத்த கறுப்புப் புட்டு காலைச் சிற்றுண்டி. அதைக் கிறித்தவன் தின்னலாமா என்று 1652-இல் தாமஸ் பார்லோ இலண்டனில் ஒரு நூலே வெளியிட்டார். செருமனியில், சுபெயினில், சுவீடனில், பிலிப்பைன்சில் என்று அந்தந்த நாட்டு இரத்த உணவு அந்தந்த நாட்டுக் கடையில் பெருமையோடு விற்கிறது. நம்மூரில் சீமைக்குப் போய் வந்தவர் அங்கே அதைச் சுவைத்ததைக் கதை கதையாகச் சொல்வார். இங்கே தூக்குச்சட்டியைக் கண்டால் முகம் சுளிப்பார்.

மராட்டியத்தில் சாகு பாட்டோலே என்பார், மராத்வாடாவின் ஒடுக்கப்பட்ட மக்கள் அடுப்பில் வெந்தவற்றை 2015-இல் நூலாக்கினார்; இரத்தத்தில் சமைத்த உணவும் அதில் உண்டு. நம் தென்பாண்டிச் சீமையின் அடுக்களைக்கும் அப்படி ஒரு நூல் வேண்டும். எழுத வல்ல இளைஞர்கள் நம்மிடையே இல்லாமலில்லை.

சாத்திரம் தள்ளியதை அறிவியல் எப்படிப் பார்க்கிறது? இரத்தத்திலுள்ள இரும்புச்சத்து, கீரையிலுள்ளதைவிட எளிதில் உடலில் சேரும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர். ஒரு கிண்ணம் பொரியல் அந்நோயை ஓட்டிவிடும் என்று நாம் பிதற்றவில்லை. தூய கலத்தில் பிடிக்காத இரத்தமும், நன்றாக வேகாத இரத்தமும் கேடு தரும். வியத்நாமில் பன்றியின் பச்சை இரத்தம் உண்டு மூளைக்காய்ச்சல் கண்டவர் உண்டு. நல்ல ஆடா, தூய சட்டியா, வெந்ததா? கேட்க வேண்டியவை இவையே. எவன் வீட்டு அடுப்பு என்பது அந்தக் கேள்விகளில் இல்லை.

இவற்றையெல்லாம் வகுப்பில் எளிமையாகச் சொன்னோம். திருமுருகாற்றுப்படைக்கு வந்தபோது அந்தச் சிறுவன் எழுந்தான்.

"அந்தச் சோத்த முருகன் சாப்பிட்டாரா, சார்?"

வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான். அடுத்த திங்கட்கிழமை நாம் கேட்காமலே, "நேத்து எங்க வீட்ல இரத்தப் பொரியல், சார்" என்றான். அன்று சிரித்த பக்கத்துப் பையன், "எங்க வீட்லயுந்தான்" என்றான்.