மதகும் மனச்சான்றும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே பிரிவது கொள்ளிடம். தெற்கே செல்வது காவிரி. இவ்விரண்டுக்கும் நடுவே தீவாக அமைந்திருப்பதே திருவரங்கம். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்தமையால், ஒரு காலத்தில் நீரின் பெரும்பகுதி அதன் வழியே வீணே கடலுக்கு ஓடிற்று. தஞ்சைக் கழனிகளுக்குச் செல்லும் காவிரியோ மணல் மேவி மெலிந்தது. இதைச் சீர்செய்யவே 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் மேலணைப் பணியைத் தொடங்கினார். ஆற்றைத் தடுத்து நிறுத்துவதன்று அவ்வணையின் நோக்கம். பாசனத்திற்கு வேண்டிய நீரைக் காவிரியிலும், மிகுந்த வெள்ளத்தைக் கொள்ளிடத்திலும் செலுத்துவதே அதன் பணி.

இன்று அத்தகைய மதகு ஒன்று நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. கைப்பேசியில் இடையறாது வந்து குவியும் செய்திகளுள் எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டியுள்ளது. இக்கேள்வி புதியதன்று. இதில் திருச்சபைக்கு நீண்ட பட்டறிவு உண்டு. அதில் வருந்தத்தக்கதும் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அச்சு இயந்திரம் தோன்றிய பின்னர் நூல்கள் வெள்ளமெனப் பெருகின. திருத்தந்தை நான்காம் பவுல் 1559-இல் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலை வெளியிட்டார். திரெந்து பொதுச்சங்கத்தின் விருப்பப்படி திருத்தப்பட்ட பட்டியல் 1564-இல் வந்தது. இறைமக்களின் விசுவாசத்தைக் காக்கும் நோக்கம் அதில் இருந்தது. ஆயினும் பிழையும் நேர்ந்தது. பூமி கதிரவனைச் சுற்றுகிறது எனக் கூறிய கொப்பர்னிக்கசின் நூல், திருத்தப்படும் வரை விலக்கப்படவேண்டும் என 1616-இல் ஆணையிடப்பட்டது. பின்னர்க் கலிலேயோவின் நூலும் பட்டியலில் சேர்ந்தது. 1835-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவை நீக்கப்பட்டன. பொய்யை விலக்க எழுப்பிய கதவு, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஓர் உண்மையையும் வெளியே நிறுத்தியிருந்தது.

1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. படிப்போரும் பார்ப்போரும் கேட்போரும் தாமே விரும்பித் தேர்கின்றனர்; ஆகவே அத்தேர்வில் அவர்களுக்குத் தனிக்கடமை உண்டு என்று அது போதித்தது. 1966-இல், திருத்தந்தை ஆறாம் பவுலின் காலத்தில், நூற்பட்டியல் சட்ட வலிமையை இழந்தது. ஆனால், தீயதைத் தவிர்க்கும் ஒழுக்கக் கடமை நீங்கவில்லை என்பதையும் உரோமை அப்போதே தெளிவுபடுத்தியது. அதாவது, காவல் பொறுப்பு பட்டியலிலிருந்து நம் மனச்சான்றுக்கு மாறியது.

நம் ஊரின் வரலாற்றையும் சற்று நோக்குவோம். 1939-ஆம் ஆண்டு மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. எதை ஒலிபரப்புவது என்பதை நிலையத்தார் முடிவு செய்தனர். கேட்பவர் கையில் இருந்தது ஒரு குமிழே. ஆயினும் மலைக்கோட்டைத் தெருவில் கேட்ட செய்தியைத்தான் திருவரங்கத்து வீதியிலும் கேட்டனர். இன்றோ ஒரே திண்ணையில் அமர்ந்து தந்தை காண்பதை மகன் காண்பதில்லை. 2006-இல் முகநூல் தனது செய்தியோடையைத் தொடங்கியது. நாளடைவில் இத்தகைய ஓடைகள், நாம் எதன்மேல் கண்ணை நிறுத்துகிறோமோ அதையே மேலும் மேலும் கொண்டுவருமாறு அமைக்கப்பட்டன. சினமூட்டும் செய்தியில் நாம் சற்று நின்றால், மறுநாள் பத்துச் சினங்கள் வந்து சேரும். நாம் மதகை இயக்காவிட்டால், நமக்காக வேறொருவர் இயக்குவார் என்பதே இதன் பொருள்.

அதன் விளைவைத் தமிழகம் கண்டிருக்கிறது. பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக 2018-இல் வாட்ஸ்அப் வழியே ஒரு வதந்தி பரவியது. அவ்வாண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பகுதியில், குலதெய்வக் கோயிலை நாடிச் சென்ற குடும்பத்தைக் கிராமத்தார் தாக்கினர். மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். நாட்டின் பிற பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழவே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு அந்நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் வரம்பு கட்டத் தொடங்கியது.

ஆகவே விலக்குதல் தேவையே. வேண்டாத சொற்களை மறைக்கலாம். ஒருவரது பதிவுகளைச் சில நாள்களுக்கு ஒதுக்கலாம். 'இதில் எனக்கு விருப்பமில்லை' என்று குறிக்கலாம். குழுக்களின் ஒலியை அடக்கலாம். ஆபாசத்தையும் வெறுப்பையும் பொய்யையும் இவ்வாறு தள்ளிவைப்பது நம் இல்லங்களுக்கு நலம் பயக்கும்.

எனினும் நம் சொந்தக் குறையொன்றை இங்கு அறிக்கையிட விரும்புகிறோம். காலை வணக்கப் படங்கள் நூற்றுக்கணக்கில் வந்ததால் சலிப்புற்று, நம் பங்கின் குழுவை ஒலியின்றி அடக்கிவைத்தோம். ஓரிரவு, திருவரங்கத்தில் மகள் வீட்டில் நோயுற்றுக் கிடந்த முதிய தாய் ஒருவருக்கு நோயில்பூசுதல் வேண்டுமென அக்குழுவில் எழுதியிருந்தார்கள். அகாலத்தில் சாமியாரைத் தொலைபேசியில் அழைக்க அவர்கள் தயங்கினார்களாம். மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பின்னரே நாம் அதைக் கண்டோம். காவிரிப் பாலத்தைக் கடந்து சென்றபோது அவ்வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தனர். மகள் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "பார்த்திருக்க மாட்டீங்கன்னு நினைச்சோம் சாமி" என்று மட்டும் சொன்னார்.

நாம் விலக்க நினைத்தது படங்களை. விலக்கியதோ ஓர் ஆன்மாவின் அழைப்பை. நம்மைப் போலவே பலரும், தொல்லையை நீக்குவதாக எண்ணி, கடன்பட்ட உறவினரையும் மாற்றுக் கருத்துடைய நண்பரையும் அண்டை வீட்டாரின் துயரத்தையும் சேர்த்தே நீக்கிவிடுகிறோம். எது நம்மைக் கெடுக்கிறது, எது நம்மை வெறுமனே தொந்தரவு செய்கிறது என்று பிரித்தறிவதே முதற்பணி. முன்னதை விலக்குவோம், பின்னதைச் சற்றே பொறுத்துக்கொள்வோம்.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் பழைய மதகுகள் ஒன்பது வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்தன. பின்னர் அங்குப் புதிய கதவணை எழுந்தது. மதகு கட்டினால் மட்டும் போதாது. அவ்வப்போது சென்று பார்க்கவும் வேண்டும். இப்பொழுது நாம் இரவு செபம் முடித்ததும், அடக்கிவைத்த குழுக்களை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டே உறங்கச் செல்கிறோம். அவசரத்திற்கு எந்நேரமும் அழைக்கலாம் என்று கோவில் வாசற் பலகையிலும் எழுதி வைத்திருக்கிறோம்.