நுரையீரல் துணுக்கு போகும் வழி

உறையூரில் அறுபது வயதைத் தொட்ட ஒருவருக்கு மாதக்கணக்கில் வறட்டு இருமல், மாடியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காசநோய் இல்லை, இதயமும் சரியாகத்தான் இருக்கிறது. சிடி ஸ்கேனில் இரு நுரையீரல்களிலும் வலை பின்னியதுபோல் தழும்பு. இனி அவருடைய நுரையீரலில் இருந்து ஒரு துணுக்கு வெளியே வர வேண்டுமா என்பதுதான் கேள்வி. அடிப்பகுதியின் ஓரங்களில் தேன்கூட்டு வடிவம் தெளிவாகத் தெரிந்தால் சிடியே போதும், துணுக்கு வர வேண்டியதில்லை. தெளிவில்லாதபோதுதான் அதன் பயணம் தொடங்குகிறது.

எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்தே துணுக்கின் தகுதி. பிராங்கோஸ்கோப் வழியாகச் சின்ன இடுக்கியால் கிள்ளினால் கிடைப்பது ஓரிரு மில்லிமீட்டர், அதுவும் நசுங்கி வரும். சார்காய்டோசிஸ் என்னும் அழற்சி நோயைக் கண்டுபிடிக்க அது பெரும்பாலும் போதும். தழும்பு நோய்க்குப் போதாது. அந்நோயின் அடையாளம் நுரையீரலின் நுண்மடல்களின் விளிம்பில் இருக்கிறது. இடுக்கியில் சிக்குவதோ மூச்சுக்குழாயை ஒட்டிய பகுதி.

விலா இடுக்கில் கேமரா நுழைத்துச் செய்யும் அறுவையில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கிடைக்கும். அதை ஊசியால் பார்மலின் ஏற்றி மெல்ல உப்பவைத்தால் காற்றறைகள் உள்ளபடி விரிந்து நிற்கும். பேத்தாலஜிஸ்டுக்கு இதைவிட நல்ல துணுக்கு கிடையாது. ஆனால் மார்பில் குழாய், மருத்துவமனை வாசம், உயிர் ஆபத்து எல்லாம் உண்டு. அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, திட்டமிட்டு இந்த அறுவையைச் செய்துகொண்டவர்களில் 1.7 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்திருந்தார்கள். அவசரமாகச் செய்துகொண்டவர்களில் 16 சதவீதம்.

நடுவழிதான் கிரையோ பயாப்ஸி. கார்பன் டை ஆக்சைடு பீறிட்டு விரியும்போது மெல்லிய கம்பியின் முனை மைனஸ் எழுபது டிகிரிக்கும் கீழே போகிறது. சில விநாடிகளில் திசு முனையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். துணுக்கு பெரிது என்பதால் குழாய்க்குள் அடங்காது. பிராங்கோஸ்கோப்பையும் சேர்த்தே வெளியே இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் உள்ளே ரத்தம் கசியலாம். அதைத் தடுக்க மூச்சுக்குழாயில் சின்ன பலூன் ஊதப்படுகிறது. வெளியே வந்த துணுக்கு உப்புநீரில் உருகிக் கழன்று விழும். ஏறக்குறைய அரை சென்டிமீட்டர், நசுங்காமல். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியும் ஆபத்து இதிலும் உண்டு. தேர்ந்த கைகள் உள்ள மையத்தில் மட்டும்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும்.

அறுவைத் துணுக்கையும் கிரையோ துணுக்கையும் ஒரே நோயாளியிடம் எடுத்து ஒப்பிட்டது ஆஸ்திரேலியாவின் கோல்டைஸ் ஆய்வு; 2020இல் வெளியானது. 65 பேர். திசு காட்டிய வடிவம் 70.8 சதவீதம் பேரிடம் ஒத்துப்போனது. மருத்துவர் குழு கூடி எடுத்த இறுதி முடிவு 76.9 சதவீதம் பேரிடம்.

எந்த வழியில் வந்தாலும், துணுக்குக்குப் பிறகு பார்மலின், பாரஃபின் மெழுகுக் கட்டி. அதிலிருந்து மூன்று, நான்கு மைக்ரான் தடிமனில் சீவிய ஏடு வெந்நீரில் மிதந்து, கண்ணாடியில் ஏறி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்கும். அதன் பிறகும் துணுக்கு தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. நுரையீரல் மருத்துவர், சிடி பார்ப்பவர், பேத்தாலஜிஸ்ட் மூவரும் ஒன்றாக உட்கார வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் வீட்டுச் செய்திக்கும் இடம் உண்டு. 2012 முதல் 2015 வரை இந்தியாவின் 27 மையங்களில் இத்தகைய நுரையீரல் நோய் உள்ள 1,084 பேரைப் பதிவு செய்தார்கள். 47.3 சதவீதம் பேருக்கு இருந்தது ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டில் ஏர்கூலர் வைத்திருந்தார்கள். பயாப்ஸி வரை போனவர்கள் மொத்தத்தில் 7.5 சதவீதம்தான்.

ஆகவே, மாடியில் புறா அடைகிறதா, கூலரின் பாய் பூசணம் பிடித்திருக்கிறதா, என்ன வேலை பார்த்தீர்கள் என்பதையெல்லாம் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பயாப்ஸி எடுத்திருந்தால், மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி வையுங்கள். வேலூரிலோ சென்னையிலோ மறுகருத்துக் கேட்கப் போகும்போது, மறுபடி துணுக்கு எடுக்காமலே அதே திசுவைப் பார்த்துச் சொல்ல முடியும்.