நாகை வேதாசலனாரின் பதின்மூன்று ஆண்டுகள்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு, இப்பகுதியோடு தொடர்புடைய தமிழறிஞர் ஒருவரைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டனர். காசிமேட்டில் கூடும் வட்டம் என்பதால், திருவொற்றியூரில் அடங்கிய பட்டினத்தாரையோ, ஒற்றியூரை ஓயாமல் பாடிய இராமலிங்க அடிகளையோ எடுத்துக்கொள்வேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டவர் மறைமலையடிகள். "அவர் பல்லாவரத்துக்காரர் அல்லரோ?" என்று குழுவினர் ஒருவர் கேட்டே விட்டார்.

பல்லாவரத்துக்குப் போகுமுன் அவர் நம் பக்கத்துக்காரர். 1898 முதல் 1911 வரை, உயர்நீதிமன்றத்துக்கு எதிரே அன்று இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். காசிமேட்டிலிருந்து இராயபுரம் வழியாகக் கடலோரமாகத் தெற்கே நடந்தால் ஒரு மணி நேரத்தில் அவ்விடத்தை அடையலாம். அக்கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்துவிட்டமையால், அங்கே அப்படியொரு வகுப்பறை இருந்ததே நம் நினைவிலிருந்து நழுவிப்போயிற்று. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை என்று அடிகளைப் போற்றும் நூல்கள் இப்பதின்மூன்று ஆண்டுகளை ஒரு பத்தியில் கடந்து செல்கின்றன. கல்லூரியில் தமிழ் கற்பித்துப் பிழைக்கும் எனக்கு அந்த ஒரு பத்தி போதவில்லை.

அடிகள் 1876 சூலை 15இல் நாகப்பட்டினத்தையடுத்த காடம்பாடியில் பிறந்தார். தந்தையார் சொக்கநாத பிள்ளை, தாயார் சின்னம்மையார். நெடுநாள் பிள்ளையின்றித் திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின் வேதாசலம் என்று பெயரிட்டனர். நாகையில் வெசுலியன் மிசன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது தந்தையார் மறைந்தார். சில ஆண்டுகளில் பள்ளிப்படிப்பும் நின்றது. அதன்பின் அவர் பெற்ற கல்வி, நாகையில் தமிழ்நூல் விற்றுவந்த நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரிடம் கற்றது. சங்கநூல்களும் தொல்காப்பியமும் ஒரு புத்தகக் கடையின் வழியாக அவருக்கு வந்து சேர்ந்தன. பட்டம் என்று சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. இன்றைய விதிகளின்படி எங்கள் துறையின் நேர்முகத் தேர்வு அறைக்குள் அவரை நுழையவே விட மாட்டார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மனோன்மணீயம் படைத்த சுந்தரம் பிள்ளையின் தொடர்பால் திருவனந்தபுரத்தில் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். பின்னர்ச் சைவ சித்தாந்தச் சொற்பொழிவாளர் சூளை சோமசுந்தர நாயகரின் அன்பு அவரைச் சென்னைக்கு ஈர்த்தது. நல்லசாமிப் பிள்ளை நடத்திய சித்தாந்த தீபிகையின் தமிழ்ப் பதிப்பில் பணியாற்றிக்கொண்டிருந்தபோதுதான் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் இடம் ஒன்று இருப்பது தெரியவந்தது.

அக்கல்லூரியின் தமிழ்த்துறைத் தலைவர் வி. கோ. சூரியநாராயண சாத்திரியார். மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870இல் பிறந்தவர். அக்கல்லூரியிலேயே பயின்று பட்டம் பெற்றவர். முதல்வர் மில்லர் அவருக்கு வேறு துறையில் ஆசிரியப் பணி தர விரும்பியும், தமிழாசிரியர் பணியையே கேட்டுப் பெற்றார் என்பர். ஆங்கிலம் அறிந்தவனுக்கே மதிப்பும் ஊதியமும் என்றிருந்த காலத்தில், தமிழ்ப் பண்டிதர் என்பவர் கல்லூரியின் கடைசி நாற்காலிக்குரியவர். பட்டம் பெற்ற ஒருவர் அந்த நாற்காலியை விரும்பிக் கேட்டது அன்று பெரிய செய்தி.

வேதாசலனாரை அவர் தேர்வு செய்த கதை தமிழாசிரியர்களிடையே வழிவழியாகச் சொல்லப்படுவது. குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டுத் தருமாறு சாத்திரியார் கேட்டாராம். எதிரில் நின்ற இளைஞர், "அஃது எனக்குத் தெரியாது" என்றாராம். உடனிருந்தோர் முகம் சுளிக்க, சாத்திரியார் மட்டும் மகிழ்ந்து அவரையே தேர்ந்தாராம். அஃது என்பது ஆய்தத் தொடர். எனக்கு என்பது வன்தொடர். தெரியாது என்பது உயிர்த்தொடர். மூன்று சொற்களும் மூன்று வகைக் குற்றியலுகரங்கள். இது நடந்தவாறே நமக்கு வந்து சேர்ந்ததா என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் இக்கதையைச் சொல்லும்போது என் மாணவர் சிரிப்பதும், சிரித்தபின் குற்றியலுகரத்தை மறவாதிருப்பதும் நான் ஆண்டுதோறும் காண்பது.

அப்போது வேதாசலனாருக்கு அகவை இருபத்திரண்டு நிறையவில்லை, துறைத்தலைவருக்கு இருபத்தெட்டு. வகுப்பில் அமர்ந்திருந்த மாணவருள் சிலர் இவர்களோடு ஏறத்தாழ ஒத்த அகவையினர். நாவலர் சோமசுந்தர பாரதியார் அக்கல்லூரியில் இவ்விருவரின் மாணவர். பின்னாளில் வையாபுரிப் பிள்ளையும் அங்கே அடிகளிடம் பயின்றார். தமிழ்நூல்களின் காலத்தைப் பற்றியும் வடமொழித் தொடர்பைப் பற்றியும் ஆசிரியருக்கும் இந்த மாணவருக்கும் பிற்காலத்தில் ஏற்பட்ட கருத்து வேற்றுமை மிகப் பெரிது. ஒரே வகுப்பறையிலிருந்து இரு துருவங்கள் புறப்பட்டன என்றால், அவ்வகுப்பில் மனப்பாடம் மட்டும் நடக்கவில்லை என்றே நான் கொள்கிறேன்.

நடந்தது என்ன என்பதை அறிய நமக்கு இரண்டு நூல்கள் உள்ளன. பாடமாக வைக்கப்பட்ட பாட்டுகளைக் கற்பித்த வழியில் பிறந்தவை அவை: 1903இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை, 1906இல் பட்டினப்பாலை ஆராய்ச்சியுரை. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் அச்சிட்டு இன்னும் இருபது ஆண்டுகள் ஆகவில்லை. பாட்டு கையில் கிடைத்ததே பெரும்பேறு என்றிருந்த காலம். அதனை எப்படிப் படிப்பது என்ற வினாவை வகுப்பறைக்குள் எழுப்பியவர் வேதாசலனார்.

நச்சினார்க்கினியர் பாட்டின் அடிகளைத் தாம் கொண்ட பொருளுக்கேற்ப முன்னும் பின்னுமாகப் பெயர்த்து இணைத்து உரை செய்பவர். முதல் அடியின் சொல்லொன்றை அறுபதாம் அடியோடு கொண்டுபோய் முடிப்பார். அறுநூறு ஆண்டு மதிப்புடைய உரையாசிரியரை மறுப்பதற்கு அன்று ஒரு கல்லூரி ஆசிரியர் எளிதில் துணிய மாட்டார். வேதாசலனார் துணிந்தார். புலவர் அடிகளை வைத்த முறைக்கு ஒரு காரணம் உண்டு. அம்முறையிலேயே படித்தால்தான் பாட்டின் உயிர் தெரியும் என்றார். முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. மாலைக்காலத்தில் தலைவனை நினைந்து வருந்தும் தலைவி. பாசறையில் உறக்கமின்றி இருக்கும் அரசன். கார்காலத்து வழியில் விரைந்து வரும் தேர். இம்மூன்றும் இந்த வரிசையில் நிற்பதன் அழகை அவர் காட்டுகிறார். பாட்டு என்பது யாது என்று கேட்டு, அதற்கு விடை கண்டபின்னரே உரைக்குள் நுழைகிறார். இதனை ஆங்கிலத் திறனாய்வின் தாக்கம் என்று ஒரு சொல்லில் ஒதுக்குவார் உளர். தாக்கம் இருந்தது, மறுப்பானேன்? மில்லரின் கல்லூரியில் ஆங்கிலக் கவிதை கற்பித்த முறையைப் பக்கத்து அறையிலிருந்து கேட்ட ஒருவர், அந்த மதிப்பைத் தம் மொழியின் பாட்டுக்கும் கேட்டார்.

பட்டினப்பாலையைப் பற்றி நம் வட்டத்தாருக்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 301 அடிகளில் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகம். உப்பு விற்று நெல் கொணர்ந்த படகுகள் குதிரைகளைப் போல வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும்; பண்டங்களின் மீது சோழரின் புலிமுத்திரை பொறிக்கப்படும்; முழுநிலா நாளில் பரதவர் கடல்மேற் செல்லாமல் சுறவின் கொம்பை நட்டு வழிபட்டு மணலில் ஆடி மகிழ்வர். நான் பணிபுரியும் கல்லூரியில் இப்பாட்டைக் கற்பித்தபோது, காசிமேட்டு மீனவர் குடும்பத்து மாணவி ஒருத்தி எழுந்து, "சுறாவுக்குக் கொம்பு ஏதம்மா?" என்று கேட்டாள். உரையில் அப்படித்தான் உள்ளது என்றேன். அவள் விடவில்லை. "அது வேளா மீனாயிருக்கும். அதுக்குத்தான் மூக்கு வாள் மாதிரி, ரெண்டு பக்கமும் பல்லோட நீண்டிருக்கும். எங்க தாத்தா வீட்டுச் சுவத்துல ஒண்ணு மாட்டியிருந்திச்சு" என்றாள். வகுப்பு முழுவதும் அவள் பக்கம் திரும்பிவிட்டது. அன்று பாடம் நடத்தியவள் அவளே. வேளா இப்போது வலையில் விழுவதே அரிது. நடுவதற்குக் கொம்பு இல்லாத கரையில் நாம் அப்பாட்டைப் படித்துக்கொண்டிருக்கிறோம். உரையாசிரியரின் கையை விட்டுவிட்டுப் பாட்டின் அடியை நேரே பார் என்று வேதாசலனார் சொன்னதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுதும் விளங்கிற்று.

அவருடைய ஒற்றியூர்த் தொடர்பு இக்காலத்தது. நோயுற்று வருந்தியபோது திருவொற்றியூர் முருகனை வேண்டிப் பாடிய திருவொற்றி முருகர் மும்மணிக்கோவை 1900இல் வெளிவந்தது. ஆசிரியப்பாவும் வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறிமாறி வர, முப்பது பாடல்கள் அந்தாதியாகத் தொடுக்கப்படும் யாப்பு அது. இருபத்து நான்கு அகவை இளைஞரின் பத்திநூலில் சங்கச் செய்யுளின் சொல்லும் நடையும் வந்து நிற்கக் காணலாம். பகலில் கற்பித்தது இரவில் பாட்டாயிற்று போலும். நம் பகுதிக்கு இத்தகைய நூல் ஒன்று உண்டு என்பதை ஒற்றியூர்த் தமிழன்பர்களுள்ளும் பலர் அறியார்.

1902இல் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை விலக்கும் முயற்சி எழுந்தது. சாத்திரியார், அக்கல்லூரியின் ஆங்கில ஆசிரியர் பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து அதனை எதிர்த்தார். தமிழை உயர்தனிச் செம்மொழி என நிறுவிய அவருடைய தமிழ்மொழியின் வரலாறு அப்போராட்டத்தின் சூட்டில் விளைந்தது. 2004இல் நடுவணரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தபோது, நூறாண்டுக்கு முந்திய அவர் குரலையே எல்லோரும் எடுத்துக்காட்டினர். அவர் அதிக நாள் இருக்கவில்லை. 1903 நவம்பர் 2இல், முப்பத்து மூன்றாம் அகவையில், காசநோய்க்கு இரையானார். தம் பெயரைப் பரிதிமாற் கலைஞன் என்று தமிழாக்கிக்கொண்டு தனிப்பாசுரத்தொகையை வெளியிட்டவர் அவர். வேதாசலம் மறைமலை ஆனது 1916இல். தனித்தமிழின் வித்து, அந்தணர் ஒருவரும் சைவ வேளாளர் ஒருவரும் ஒரு கிறித்தவக் கல்லூரியின் ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டிருந்த ஐந்தாண்டுகளில் விழுந்தது என்பது என் கருத்து. இரு தரப்பாருக்கும் இது உவப்பாக இராது.

சாத்திரியார் தடுத்துநிறுத்திய வெள்ளம் வேறு வழியாக வந்தது. 1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தைத் தொடர்ந்து பாடவிதிகள் மாற்றப்பட்டன. பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயப் பாடம் என்ற நிலை நீங்கியது. யாரும் தமிழை ஒழிக்கவில்லை. விரும்பியவர் படிக்கலாம் என்றார்கள். விருப்பத்துக்கு விட்டபின் மாணவர் குறைந்தனர்; மாணவர் குறைந்தபின் ஆசிரியர் மிகையாயினர். இந்தக் கணக்கு எங்களுக்குப் பழக்கமானது. ஒவ்வோராண்டும் சேர்க்கை முடிந்ததும் தமிழ்த்துறைகளில் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறோம். 1911 ஏப்ரலில் வேதாசலனார் கல்லூரியை விட்டு விலகினார். அவருக்கு முப்பத்தைந்து அகவை நிறையவில்லை, குடும்பம் பெரிது. இடைப்பட்ட காலத்தில் ஞானசாகரம் இதழைத் தொடங்கியிருந்தார். வடமொழி பயின்று சாகுந்தலத்தை 1907இல் தமிழாக்கியிருந்தார். வடமொழியை அறியாமல் வெறுத்தவர் என்று அவரைப் பழிப்போர் இவ்வாண்டை நினைவிற்கொள்ளல் தகும்.

பின்னைய வரலாறு நாடறிந்தது. பல்லாவரத்தில் குடியேறினார், அவ்வாண்டே துறவு பூண்டார். 1916இல் இராமலிங்க அடிகளின் பாடலொன்றைப் பாடுகையில், தேகம் என்ற சொல்லின் இடத்தில் யாக்கை என்று இருந்தால் எத்துணை நன்றாயிருக்கும் என்று மகள் நீலாம்பிகையிடம் சொன்னார். அங்கிருந்து தனித்தமிழ் தொடங்கியது. ஞானசாகரம் அறிவுக்கடலாயிற்று. தம் பழைய நூல்களையும் மறுபதிப்பில் வடசொல் களைந்து திருத்தினார். ஆயினும் 1898இல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பை இறுதிவரை ஆங்கிலத்திலேயே எழுதினார் என்பதைச் சிலர் குறையாகச் சொல்வர். எனக்கு அது அக்கல்லூரியின் மிச்சமாகப் படுகிறது. 1950 செப்டம்பர் 15இல் மறைந்தார்.

அவர் சேர்த்துவைத்த நூல்களைக் கொண்டு, சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் 1958இல் இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகத்தைத் தொடங்கினர். பின்னர் அது கன்னிமாரா நூலக வளாகத்துக்கு மாறியது. முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் சென்ற நாள்களில் அது பழைய இடத்திலேயே இருந்தது. பட்டினப்பாலை ஆராய்ச்சியுரையை அங்கேதான் முதன்முதலாகப் படித்தேன். மாலையில் நூலகம் மூடியதும் வெளியே வந்து, உயர்நீதிமன்றத்தின் எதிரே நின்று இராயபுரம் செல்லும் பேருந்துக்குக் காத்திருப்பேன். அந்த நடைபாதையை ஒட்டித்தான் அவருடைய வகுப்பறை இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.