பல்லவர் பாணி வரிசைக் கோட்பாடு

பல்லவர் கோயில்களைத் தூண், சிற்பம் ஆகியவற்றின் அமைப்பை வைத்து மன்னர் வாரியாக வரிசைப்படுத்தும் கருத்து. புதுச்சேரிப் பேராசிரியர் ழூவோ-துப்ரேய் 1910-களில் இதற்கு வடிவம் கொடுத்தார். எது கிடைத்தால் தான் தவறாகிவிடும் என்று சொல்ல இயலாத கோட்பாட்டை அறிவியலில் சேர்க்க 1934-இல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் மறுத்தார். சமூக அறிவியலும் வரலாறும் அந்த உரைகல்லில் தேறுமா என்ற வழக்குக்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

வரிசையின் தொடக்கத்தில் நிற்பவற்றுள் ஒன்று, செஞ்சிக்கு வடக்கே தேசூர் அருகிலுள்ள சீயமங்கலக் குடைவரை. தூண்கள் பருத்தவை, மேலும் கீழும் சதுரம், நடுவே எட்டுப்பட்டைக் கட்டு. லளிதாங்குரன் செய்வித்த அவனிபாஜன பல்லவேசுவரம் இது என்கிறது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு. லளிதாங்குரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். பாணியும் பெயரும் ஒரே கல்லில் சேர்ந்திருப்பதால் இங்கே சண்டைக்கு இடமில்லை. மகேந்திரனின் மற்றொரு குடைவரையான மண்டகப்பட்டிலும் அப்படியே. இத்தகைய தூண் மகேந்திரனுடையது, சிங்கம் தாங்கும் மெல்லிய தூண் பின்வந்தவர்களுடையது என்று வரிசை எழுந்தது.

1962-இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி இந்த வரிசையை உலுக்கினார். மாமல்லபுரம் முழுவதும் பின்வந்த பல்லவ மன்னன் ராஜசிம்மனின் படைப்பே, ஒரே மன்னன் பல பாணிகளில் கோயில் எடுக்கலாம் என்றார். அங்குள்ள தர்மராஜ ரதத்தில் ‘நரசிம்ம’ என்ற பெயர் பொறித்திருக்கிறது. மகேந்திரனின் மகன் மாமல்லனும் நரசிம்மன், அவனுடைய கொள்ளுப்பேரனான ராஜசிம்மனும் நரசிம்மன். ஒரே சான்றை இரு தரப்பும் தமதென்றன. 1974-இல் மைக்கேல் லாக்வுட், கிஃப்ட் சிரோமணி, தயானந்தன் ஆகியோரின் மாமல்லபுர ஆய்வு நூல் வந்தது. தர்மராஜ ரதத்துச் சோமாஸ்கந்தர் (உமை, கந்தனுடன் அமர்ந்த சிவன்) ராஜசிம்மன் காலச் சோமாஸ்கந்தர்களிலிருந்து வேறுபடுகிறார், ஆகவே முந்தியவர் என்று லாக்வுட் வாதிட்டார். ஆனால் பாணி எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்பவரை இந்த வாதம் அசைக்காது.

அதற்காக நாகசாமியின் கருத்தைப் பொய்ப்பிக்கவே முடியாதது என்று தள்ளுவது நியாயமல்ல. ராஜசிம்மனுக்கு முந்தியவன் என்று ஐயமறத் தெரியும் ஒருவனின் திருப்பணிக் கல்வெட்டு ஒன்று மாமல்லபுரத்தில் கிடைத்தால் அது விழுந்துவிடும். பாணி வரிசையும் அப்படித்தான்: சீயமங்கலம் போலப் பெயர் பொறித்த குடைவரைகளில் அதற்கு உண்மையான சோதனை உண்டு. கல்வெட்டே இல்லாத குடைவரைக்குப் பாணியைக் கொண்டு காலம் குறித்து, பிறகு அதே குடைவரையைப் பாணிக்குச் சான்றாக நிறுத்தும் இடத்தில்தான் பொய்ப்பிக்க வழியில்லாமல் போகிறது.