உயிரிழப்பு இழப்பீடு: நெய்வேலி வட்டாரம்

வேலையிடத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குச் சட்டப்படி தர வேண்டிய பணமே உயிரிழப்பு இழப்பீடு. பேச்சில் நட்ட ஈடு என்பார்கள். அவரை நம்பியிருந்தவர்களின் வருமான இழப்பைத்தான் ஈடுகட்டுகிறோம், உயிருக்கு விலை வைக்கவில்லை என்பது சட்டத்தின் வாதம். ஆனால் கணக்கு கூலியில் தொடங்குவதால், குறைந்த கூலி வாங்கியவரின் சாவு மலிவாகிவிடுகிறது. பண்ருட்டி வட்டத்துக் காடாம்புலியூர் போல, முந்திரியையும் நெய்வேலி நிலக்கரியையும் அண்டிப் பிழைக்கும் ஊர்களுக்கு இது அன்றாடக் கவலை.

நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7 அன்று ஆறாம் அலகின் கொதிகலன் பகுதியில் விபத்து நடந்து, காயமடைந்தவர்களில் பலர் இறந்தனர். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1 அன்று ஐந்தாம் அலகின் கொதிகலன் வெடித்தது. 6 பேர் அங்கேயே மாண்டனர், தீக்காயத்துடன் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்ட மேலும் சிலரும் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் காண்ட்ராக்ட் தொழிலாளரும் உண்டு, நிரந்தரப் பணியாளரும் உண்டு. ஒரே தளத்தில் ஒரே தீயில் கருகியவர்கள். ஜூலை விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு, நிலையத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம் தலா 30 லட்சமும், தமிழக அரசு தலா 3 லட்சமும் அறிவித்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இடைக்கால அபராதம் விதித்தது.

இப்படி அறிவிக்கப்படும் தொகை நிர்வாகத்தின் முடிவு. சட்டத்தின் கணக்கு வேறு. 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி, மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டியிருந்தது. இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வராதவர்களுக்கு இது பொருந்தும். கூலி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் கணக்குக்கு எடுப்பது 15,000 ரூபாய் வரைதான் என்று 2020 ஜனவரியில் வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பை எட்டிய 30 வயதுக்காரர் இறந்தால் 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். வயது 50 என்றால் காரணி 153.09, தொகை 11,48,175. மாதம் 8,000 வாங்கிய 30 வயதுக்காரருக்கு 8,31,920 மட்டுமே. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இதே முறையைத்தான் தொடர்கிறது.

முந்திரி உடைக்கும் பெண்களின் நிலை இதைவிட மோசம். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல் தோலை அரித்துவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். கூலி கிலோ கணக்கில். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உடைப்பவருக்கு முதலாளி யார் என்பதை நிரூபிப்பதே பெரும்பாடு. கூலியில்லாத வீட்டு வேலைக்கோ நெடுங்காலம் மதிப்பே போடப்படவில்லை. 1989இல் ஜாம்ஷெட்பூர் தீ விபத்தில் இறந்தவர்கள் தொடர்பான வழக்கில், இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் கணக்கிட்டது. அது ஒரு நல்ல தொடக்கம். 2010லும் 2021லும் வந்த தீர்ப்புகள் அந்த வழியில் இன்னும் முன்னே சென்றன.

கூலியைப் பார்க்காமல் கொடுக்கவும் முடியும். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களுக்கான நிதியை வருமானத்தைப் பார்த்துப் பிரித்தவர் கென்னத் ஃபைன்பெர்க். பிறகு அவரே அந்த முறை தவறு என்று எழுதினார். 2007இல் வர்ஜீனியா டெக் துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர்களின் குடும்பங்களுக்கு நிதி வழங்கியபோது எல்லோருக்கும் ஒரே தொகையைக் கொடுத்தார். மாணவர், பேராசிரியர் என்று பார்க்கவில்லை.

நம் சட்டத்திலும் குறைந்தபட்சத் தொகை ஒன்று இருக்கிறது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010 முதல் அது 1,20,000 ரூபாயாக இருந்தது. ஒரு குடும்பம் அதை வைத்து எத்தனை நாள் ஓட்டும்? கூலியைப் பார்க்காத அடித்தொகையைக் கௌரவமான அளவுக்கு முதலில் உயர்த்த வேண்டும். வயதும் சம்பளமும் அதற்கு மேல் சேரட்டும்.

குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: ஒப்பந்தக்காரர் கைவிரித்தாலும் முதன்மை நிறுவனமே பொறுப்பு. தொகையைச் சட்டப்படி உரிய அதிகாரியிடம் கட்ட வேண்டும். முன்பணம் தவிர, வீடு தேடி வந்து கையில் கொடுக்கும் பணம் இழப்பீடாகாது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் மனுவுக்கு வைத்த கெடு இரண்டு ஆண்டு. நாள் கடத்த வேண்டாம்.