ஒரு போத்தல் கடல்நீர்

நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறிவிட்டால் இருபத்தைந்து நாளும் எங்கள் ஊர் வீடுகளில் மீன்சட்டி அடுப்பேறாது. சட்டியைக் கழுவிக் கோடிப்புறத்தில் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். ஆனால் அதே நாட்களில்தான் சோளகமும் பலமாக வீசும். கொழும்புத்துறை, பாசையூர்ப் பக்கமிருந்து வரும் அந்தக் காற்று கடலின் வாடையை வீதிவரை கொண்டுவந்து சேர்க்கும். மீனை விலக்கி வைக்கலாம். கடலை விலக்கி வைக்க நல்லூரால் முடிந்ததில்லை. இந்த ஊர் இராசதானியாக இருந்ததும், இராசதானி அழிந்ததும் கடல்வழி வந்த காரியங்கள்தாம்.

அந்தக் கடலுக்குள் யார் யார் வாழ்கிறார்கள்? கேட்பதற்கு எளிய கேள்வி. இந்தக் கேள்விக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தின் முக்கியமான ஆண்டொன்று நல்லூரின் சரித்திரத்திலும் முக்கியமான ஆண்டாக அமைந்தது வியப்பானது. அது 1560.

அந்த ஆண்டில்தான் கோவாவிலிருந்த போர்த்துக்கேய அரசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு டி பிறகன்சா பெரும் கப்பற்படையுடன் யாழ்ப்பாணத்தின்மீது வந்தான். நல்லூர் அவன் கையில் வீழ்ந்தது. முதலாம் சங்கிலி மன்னன் பின்வாங்கினான். ஆனால் சனங்கள் கிளர்ந்தெழுந்தபடியால் பறங்கியரால் நல்லூரில் நிலைத்திருக்க முடியவில்லை. அவர்கள் திரும்பும் வழியில் மன்னாரைப் பிடித்து அங்கே கோட்டை கட்டினார்கள். இது நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்.

பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு சங்கதியும் அதே ஆண்டில் மன்னாரில் நடந்தது. மன்னார்க் கடலில் வலை வீசியவர்கள் ஒரே இழுப்பில் ஏழு 'கடற்கன்னி'களைப் பிடித்தார்களாம். அவற்றை அரசப்பிரதிநிதியின் வைத்தியர் டீமாஸ் பொஸ்கே அறுத்துச் சோதித்தார் என்றும், உள்ளுறுப்புகள் மனித உறுப்புகளை ஒத்திருந்தன என்று சொன்னார் என்றும் செய்தி. இந்தப் பொஸ்கே சாதாரண ஆளல்லர். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா டி ஓர்த்தாவின் புகழ்பெற்ற மருந்து நூலுக்கு முகவுரை எழுதியவர். அந்தச் சோதனைக்குச் சாட்சிகளாக நின்ற பாதிரிமாரில் ஒருவரின் பெயரைக் கேட்டால் தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்தான் அண்டிரிக் அடிகளார் என்னும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட அதே அடிகளார்.

கடற்கன்னி என்று அவர்கள் எதை அறுத்தார்கள்? இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் எமேர்சன் டெனென்ற் இந்தக் கதையை எடுத்துச் சொல்லி விடையையும் தருகிறார். அது ஆவுளியா. கடற்பசு என்றும் சொல்கிறோம். குட்டியைப் பாலூட்டி வளர்க்கும் பிராணி. மூச்சு வாங்க நீர்மட்டத்துக்கு வரும். கடலடியில் விளையும் புல்லை மேய்ந்து வாழும். தூரத்திலிருந்து பார்த்த மாலுமிகளின் கண்ணுக்கு அது பெண்ணாகத் தோன்றியது. டெனென்றுக்கும் 1847இல் மன்னாரிலிருந்து ஓர் ஆவுளியாவைக் கொழும்புக்கு அனுப்பி வைத்தார்கள். ஏழடிக்கு மேற்பட்ட நீளம். அனுப்பியது கொன்ற பிறகுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1560இலும் 1847இலும் கேள்வி ஒன்றே. கேட்ட முறையும் ஒன்றே. கடலில் என்ன இருக்கிறது என்று அறிய, இருப்பதைப் பிடித்துக் கொன்று கரையில் போட வேண்டும். பின்னர் வந்த அறிஞர்களும் பெரும்பாலும் இவ்வழியே சென்றார்கள். இயன் மன்றோ 1955இல் வெளியிட்ட இலங்கை மீன்கள் பற்றிய பெருநூலும், கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகலவின் வர்ணப் படத்தொகுதியும் மதிப்புக்குரியவை. ஆனாலும் வலையில் விழுந்ததும், சந்தைக்கு வந்ததும், போத்தலில் ஊறப் போட்டதுமே அந்த அறிவுக்கு ஆதாரம். வலையில் விழாதது கணக்கில் வராது. எண்ணிக்கை குறைந்துபோன ஓர் உயிரைக் கணக்கெடுக்கப் புறப்பட்டால் கணக்கெடுப்பே அதற்கு எமனாகிவிடும். ஆவுளியாவின் நெருங்கிய உறவான ஸ்டெல்லர் கடற்பசுவை வடகடலில் விஞ்ஞானிகள் முதன்முதல் கண்டது 1741இல். 1768க்குப் பிறகு அது உலகில் இல்லை. கண்டறிந்ததற்கும் கொன்று தீர்த்ததற்கும் இடையே இருபத்தேழே ஆண்டுகள்.

இனி எங்கள் இலக்கியத்துக்கு வருவோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், சினையுற்ற சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்ட செய்தி வருகிறது. சுறாவுக்குக் கொம்பேது என்று கேட்கத் தோன்றும். அறிஞர் பலர் இதை வேளா என்று விளக்குவர். இரு பக்கமும் பல் வைத்த வாள் போன்ற நீண்ட மூக்கு அதற்கு உண்டு. நாங்கள் வேளாச்சுறா என்று சொன்னாலும் விஞ்ஞானம் அதனைத் திருக்கை வகுப்பில் சேர்க்கிறது. தெய்வமாகக் கும்பிட வைத்த அந்த மூக்கே அதற்கு வினையாயிற்று. வலைக்கண்ணில் பல் மாட்டினால் மீள வழியில்லை. அறுபடாத நைலோன் வலைகள் வந்தபின் அழிவு வேகமாயிற்று. உலகில் உள்ள ஐந்து வேளா இனங்களும் இன்று அழியும் ஆபத்தில் உள்ளன. இலங்கைக் கடலில் வேளா செயலளவில் அற்றுப்போய்விட்டது என்ற முடிவுக்கு 2021இல் ஆய்வாளர்கள் வந்தார்கள். அதாவது எங்காவது ஒன்றிரண்டு இருந்தாலும் இனம் தழைக்கப் போதாது என்பது அதன் பொருள்.

அந்த ஒன்றிரண்டு எங்கே இருக்கின்றன? வலை போட்டுத் தேடினால் தேடலே கொலையாகிவிடும். இங்கேதான் புதிய விஞ்ஞானம் ஒரு கதவைத் திறக்கிறது. சூழல் டி.என்.ஏ. என்பது அதன் பெயர்.

விஷயம் இதுதான். எந்த உயிரும் தான் வாழும் இடத்தில் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திக்கொண்டே இருக்கிறது. தோலின் செதிள், உடம்பின் வழும்பு, கழிவு, முட்டை என்று நீரில் கலந்தவற்றிலெல்லாம் அதன் டி.என்.ஏ. இருக்கும். ஆய்வாளர் ஒரு போத்தல் கடல்நீரை அள்ளுகிறார். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் சிறிய துளைகளுள்ள வடிதாளில் பெரும்பாலும் அதை வடிக்கிறார். தாளில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத பிசுக்கிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, வேண்டிய ஒரு சிறு துண்டை மட்டும் ஆய்வுகூடத்தில் கோடிக்கணக்கில் பெருக்குகிறார். பெருக்கிய துண்டின் எழுத்துக்களை வாசித்து, முன்னரே சேர்த்து வைத்த பட்டியலுடன் ஒப்பிடுகிறார். எந்த எழுத்து எந்த மீனுக்குரியது என்று தெரிந்துவிடும். மீன் தன் பாட்டில் நீந்திக்கொண்டிருக்கும்.

2008இல் பிரான்சு நாட்டுக் குளங்களில் தவளை ஒன்றைத் தேடத்தான் இம்முறையைக் கையாண்டார்கள். 2012இல் டென்மார்க்கில் அரை லீற்றர் அளவான கடல்நீர் மாதிரிகள் சிலவற்றிலிருந்தே 15 மீனினங்களைக் கண்டறிந்தார்கள். 2015இல் யப்பானிய விஞ்ஞானிகள் மீன்களுக்கென்றே பொதுவான ஒரு வாசிப்பு முறையை உருவாக்கி, ஒக்கினாவாவின் பெரிய மீன்காட்சிச்சாலைத் தொட்டிகளில் சோதித்தார்கள். தொட்டிகளில் இருந்த 180 இனங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை நீரில் தம் பெயரை எழுதி வைத்திருந்தன. வேளாவையும் இவ்வழியில் தேடியிருக்கிறார்கள். 2016இல் வட அவுஸ்திரேலிய ஆறுகளில் தடம் கிடைத்தது. மெக்சிக்கோவில் வேளா போய்விட்டது என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், 2021இல் வெளியான ஆய்வொன்று அங்கும் நீரில் அதன் டி.என்.ஏ. இருப்பதைக் காட்டியது.

இந்த வேலை தமிழறிந்தவர்களுக்கு முற்றிலும் புதியதாகத் தோன்றாது. சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும், உ.வே. சாமிநாதையரும் செய்ததை நினைத்துப் பாருங்கள். செல்லரித்த ஏடு, நுனி முறிந்த ஏடு, இடையில் ஓர் அடி காணாத ஏடு. அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு இது இன்ன நூல் என்று அடையாளம் கண்டார்கள். 1889இல் ஐயர் பத்துப்பாட்டைப் பதிப்பித்ததனால்தான் பட்டினப்பாலைப் பரதவர் நட்ட கொம்பு எங்கள் கண்ணுக்கு எட்டியது. கடல்நீரில் கிடைப்பதும் இப்படிச் சிதைந்த ஏடுதான். கடலில் அது சில நாட்களுக்குள் அழிந்துபோகும். ஆகவே கிடைத்த துண்டு அண்மையில் எழுதப்பட்டது என்று கொள்ளலாம்.

ஏடு வாசிப்பவருக்கு அகராதி வேண்டும். இந்த வாசிப்புக்கும் ஓர் அகராதி வேண்டும். 1842இல் மானிப்பாயில் அச்சான யாழ்ப்பாண அகராதிக்கு எத்தனை பேர் சொல் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள்! அதுபோல எங்கள் கடலின் ஒவ்வோர் இனத்தினதும் எழுத்தை முன்கூட்டியே சரியாகப் பதிந்து வைக்க வேண்டும். அகராதியில் இல்லாத சொல் வந்தால் வாசிப்பவர் விழிக்க வேண்டியதுதான். மன்றோவும் தெரணியகலவும் சேர்த்தவை பழங்கதையாகிவிடவில்லை. மீனைக் கையில் எடுத்து இன்னது என்று பெயர் சொல்லத் தெரிந்தவர் இல்லாவிட்டால் இந்த அகராதி எழுத முடியாது.

புதியதென்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. 2014இல் கலிபோர்னியாவின் மொன்ரரே மீன்காட்சிச்சாலையில் நாற்பத்தைந்து இலட்சம் லீற்றர் நீர் கொண்ட தொட்டியைச் சோதித்தார்கள். முள்மீன்கள் பட்டியலில் வந்தன. அத்தொட்டியிலேயே நீந்திய சுறா, திருக்கை வகைகளும் ஆமைகளும் வரவில்லை. கையாண்ட வாசிப்பு முறை அவற்றுக்குப் பொருந்தவில்லை. இரையாகப் போட்ட மீனின் பெயரோ வந்துவிட்டது! ஆகையால், பட்டியலில் இல்லாதது கடலில் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. பட்டியலில் உள்ளது அந்த இடத்தில்தான் வாழ்ந்தது என்றும் உடனே சொல்லிவிட முடியாது. நீரோட்டம் தொலைவிலிருந்தும் துண்டைக் கொண்டுவரும். குருநகர் இறங்குதுறையில் மீன் கழுவிய நீரை அள்ளினால் ஆழ்கடல் மீனெல்லாம் அலைகரையில் வாழ்வதாகக் கணக்கு வரும். எத்தனை, கிழடா குஞ்சா என்ற கேள்விகளுக்கும் இது தெளிவாக விடை சொல்லாது.

இத்தனை குறையிருந்தும் இந்தப் போத்தல் எங்களுக்கு ஏன் முக்கியம்? 1983 முதல் 2009 வரை இந்த வடகடல் போர்க்கடலாக இருந்தது. கடற்றொழிலாளர் வள்ளம் இறக்கவே தடை இருந்த நாட்கள் பல. அப்படியிருக்க மீனை எண்ணப் போவார் யார்? போர் முடிந்த பின் அக்கரையிலிருந்து வரும் இழுவைப்படகுகள் கடலடியை வாரிக்கொண்டு போகின்றன. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனாலும் பிணக்கு ஓயவில்லை. ஆவுளியா மேயும் கடற்புல் அந்த மடியில் வேரோடு போகிறது. 2022இல் தமிழ்நாட்டு அரசு பாக்குநீரிணையில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பை ஆவுளியாவுக்கான பாதுகாப்பிடமாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் எல்லைக்கோடு வரைபடத்தில்தான் இருக்கிறது. ஆவுளியாவுக்கு அது தெரியாது. இக்கரை நீரையும் அக்கரை நீரையும் ஒரே முறையில் அள்ளி, ஒரே அகராதியில் வாசித்தால்தான் அந்த விலங்கின் வாழ்வு முழுதாகத் தெரியவரும்.

அதற்குப் பெரிய கப்பல் வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு. 2022, 2023ஆம் ஆண்டுகளில் யுனெஸ்கோ நிறுவனம் உலகின் 21 கடல்சார் மரபுரிமை இடங்களில் சாதாரண பொதுமக்களின் கையாலேயே நீரை அள்ளுவித்தது. ஏறக்குறைய 4,500 இனங்களின் தடம் கிடைத்தது. மன்னாரிலும் பாசையூரிலும் விடியப்புறம் வள்ளம் இறக்குகிறவர் கையிலும் ஒரு போத்தலைக் கொடுக்கலாம். எந்த ஓட்டில் எந்த நீர் வரும், எந்தத் திட்டில் ஆவுளியா தலை தூக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? அவர் அள்ளும் நீரை வாசிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் இருக்கிறார்கள்.

நேயர்களே, 1560இல் மன்னார்க் கரையில் ஏழு உயிர்களைக் கிடத்தி, இவை யார் என்று ஒரு வைத்தியர் கத்தியால் கேட்டார். நாங்கள் ஒரு போத்தல் நீரால் கேட்கலாம். வேளா இருக்கிறது என்று விடை வந்தால் காப்பாற்ற இன்னும் சிறிது காலம் உண்டு. விடை வராவிட்டால் வேறிடத்தில், வேறு பருவத்தில் மறுபடியும் அள்ளிப் பார்க்க வேண்டும். கேளாமலே இருந்துவிட்டால், பரதவர் நட்டு வணங்கிய அந்தக் கொம்பு எங்கள் பிள்ளைகளுக்கு உரையாசிரியரின் குறிப்பில் மட்டுமே மிஞ்சும்.